ஒரு தட்டு கீரையை வைத்துச் சீன ஓட்டல் பிடித்த கதை

நகரத்தில் நல்ல சீன ஓட்டல் எது என்று யாரைக் கேட்டாலும் உடனே ஒரு பெயர் சொல்வார்கள். பெரும்பாலும் அவர்கள் பிறந்தநாளுக்குப் போய் வந்த இடமாக இருக்கும். நானும் அப்படி ஒருவர் சொன்னதை நம்பி, இணையத்தில் நட்சத்திரமும் நிறைய இருக்கிறதே என்று ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். வாசலில் சிவப்பு விளக்குகள், உள்ளே தங்க நிறத்தில் டிராகன், மெனு இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம், அதில் 200க்கும் மேல் ஐட்டம். மூன்று சொன்னோம். மூன்றும் ஒரே குழம்பில் வந்தன. சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கி, சோயா சாஸும் சர்க்கரையும் கொட்டிய பழுப்புக் கூழ். வாயில் இருப்பது கோழியா காளானா என்று கடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். கூடவே பூண்டு போட்டு வதக்கிய கீரை ஒன்று வந்தது, தட்டில் தண்ணீர் குளம் கட்டி நின்றது.

அந்தக் குளத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு வழி கிடைத்தது. இனி எந்தச் சீன ஓட்டலுக்குப் போனாலும் முதலில் அந்தக் கீரையைத்தான் சொல்வது. அதில் ஒளிந்துகொள்ள சாஸ் கிடையாது. வாணலி நன்றாகக் காய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஓரிரு நிமிடத்தில் புரட்டி எடுத்தால் கீரை பச்சையாகவே இருக்கும், தண்டு நறுக்கென்று கடிபடும். சூடு போதாவிட்டாலோ, ஒரேயடியாகக் குவித்துப் போட்டாலோ கீரை தண்ணீர் விட்டு வெந்துபோகும். தென்சீனாவின் கான்டன்காரர்கள் இந்தச் சூட்டு வாசனையை 'வோக் ஹே' என்கிறார்கள், வாணலியின் மூச்சு என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாகத் தெரிந்துகொண்டது, 'சீனச் சாப்பாடு' என்று கேட்பதே தப்பு. சாண்டோங், சிச்சுவான், கான்டன், ஜியாங்சு, ஜெஜியாங், ஃபூஜியன், ஹுனான், அன்ஹுய் என்று எட்டுப் பெரிய சமையல் மரபுகளை அவர்களே எண்ணிச் சொல்வார்கள், அந்த எட்டுக்குள் வராததும் ஏராளம். கான்டன் சமையலில் மீனை வெறுமனே ஆவியில் வேகவைத்து இஞ்சி, வெங்காயத்தாளோடு கொடுத்துவிடுவார்கள், சிச்சுவானில் அதே மீன் மிளகாய் எண்ணெயில் மிதக்கும். இத்தனையும் ஒரே அடுக்களையில் செய்கிறேன் என்று 200 ஐட்டம் போடும் கடை பல மரம் கண்ட தச்சன் மாதிரிதான். எனவே மெனு குட்டியாக இருக்கிறதா, பெயர்ப்பலகையில் ஏதாவது ஊர்ப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஊர்ப்பெயரை மொழிபெயர்ப்புச் செயலியில் சீன எழுத்தாக மாற்றி வரைபடத்தில் தேடினால் புதிய கடைகள் சில கண்ணில் படும். நட்சத்திரத்தை விடுங்கள், சாப்பிட்டவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். மேஜைக்கு மேஜை ஒரே உணவு தெரிகிறதா? அதைச் சொல்லுங்கள்.

இப்படித் தேடித்தான் ஒரு லான்ஜோ நூடுல்ஸ் கடை கிடைத்தது, லான்ஜோ வடமேற்குச் சீனாவில் ஒரு நகரம். அங்கே வாழும் ஹுய் என்ற சீன முஸ்லிம்களின் சமையல், எனவே பன்றிக்கறி கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் மாவை மேஜையில் அறைந்து, இழுத்து, மடித்து, மறுபடி இழுக்கிறார், நூல் மாதிரி வேண்டுமா பட்டையாக வேண்டுமா என்று கேட்டுவிட்டு. இந்த நூடுல்ஸுக்கு ஐந்து நிற இலக்கணம் உண்டு: சூப் தெளிவாக, முள்ளங்கி வெள்ளையாக, மிளகாய் எண்ணெய் சிவப்பாக, தழை பச்சையாக, நூடுல்ஸ் இளமஞ்சளாக இருக்க வேண்டும். ஐந்தும் இருந்தன. கீரை மட்டும் அங்கே கிடையாது, நானும் கேட்கவில்லை.

அப்புறம் சிச்சுவான் கடை. முதல் தடவை எங்களைப் பார்த்ததும் காரத்தைக் குறைத்துவிட்டார்கள், மாப்போ டோஃபு என்கிற காரமான சோயாக்கட்டிக் குழம்பு வெறும் சிவப்புக் குழம்பாக வந்தது. இரண்டாவது தடவை, நீங்கள் சாப்பிடுகிற மாதிரியே கொடுங்கள் என்று அழுத்திச் சொன்னேன். அப்போதுதான் நாக்கு மரத்தது. சிச்சுவான் மிளகு மிளகு இனமே இல்லை, எலுமிச்சைக் குடும்பம். காரத்தோடு இந்த மரப்பும் சேர்ந்தால்தான் அது சிச்சுவான். மரக்கவில்லை என்றால் மிளகு பழசு, அல்லது போடவே இல்லை. கீரை? நன்றாக இருந்தது, எண்ணெய் ஒரு கரண்டி அதிகம்.

பக்கத்து மேஜைக்காரர் மோனோசோடியம் குளுட்டமேட், அதாவது அஜினமோட்டோ என்று நாம் சொல்லும் சுவையூட்டி உப்பு, போடாமல் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடித்தது 1908இல் ஒரு ஜப்பானிய வேதியியலாளர், கிக்குனாயே இக்கேடா. சீன ஓட்டலில் சாப்பிட்டால் கழுத்து மரக்கிறது, படபடக்கிறது என்று 1968இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கடிதத்தில் ஆரம்பித்த பயம் இது. பிறகு நடந்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. தக்காளியிலும் குளுட்டமேட் இருக்கிறது, தக்காளி சாப்பிட்டுக் கழுத்து மரத்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

'சீனர்கள் சாப்பிடுகிற கடைக்குப் போ' என்பார்கள். பாதிதான் உண்மை. மாணவர்கள் கூட்டமாக இருக்கிறார்கள் என்றால் விலை மலிவு என்று மட்டும்கூட அர்த்தம் இருக்கலாம். மூன்று தலைமுறையாகச் சேர்ந்து வந்து, மெனுவைத் திறக்காமலே சொல்கிறார்களா, அதுதான் கணக்கு.

அப்படி ஒரு குடும்பத்துக்குப் பின்னால் நுழைந்ததுதான் கான்டன் டிம்சம் கடை, சின்னச் சின்னத் தட்டுகளில் ஆவியில் வெந்த பலகாரங்கள் தரும் இடம். முன்பு ஒருமுறை மதியம் மூன்று மணிக்கு அதே கடைக்குப் போய் ஏமாந்திருக்கிறேன், மூங்கில் கூடையில் இருந்ததெல்லாம் காலையிலிருந்து ஆவியிலேயே கிடந்து தோல் கிழிந்த மிச்சம். தப்பு என்னுடையது. டிம்சம் காலைச் சாப்பாடு, தேநீரோடு சேர்ந்தது. இந்தத் தடவை பத்து மணிக்கே போனோம். இறால் வைத்த கொழுக்கட்டை போன்ற ஹார் காவ் வந்தது, தோல் வழியே உள்ளே இருக்கும் இறாலின் நிறம் தெரிகிறது, குச்சியால் தூக்கினால் கிழியவில்லை, கடித்தால் இறால் துள்ளுகிறது. தேநீர் ஊற்றும்போது எதிர் மேஜைப் பெரியவர் இரண்டு விரலால் மேஜையைத் தட்டினார், நன்றி சொல்லும் வழக்கம் அது. நானும் தட்டினேன், அவர் சிரித்துவிட்டார்.

கடைசியாகக் கீரை. பூண்டு பொன்னிறம், இலை பச்சை, தட்டின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்னொரு தட்டு சொன்னோம்.