ஒட்டிக்கொள்பவரா, ஒதுங்கிக்கொள்பவரா: குழந்தைக்குக் காத்திருக்கும்போது யாரைக் கவனிக்கணும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில், துணையிடம் பழகும் விதத்தில் இந்த இரண்டு ரகமும் உண்டு. பதற்றப் பிணைப்பு உள்ளவர், அதாவது துணை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்து ஒட்டிக்கொள்பவர், புருஷன் செம்பனை ஆலையில் இரவு ஷிஃப்டில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்தும் பதில் வரவில்லையென்றால் "என்மேல் கோபமா?" என்று வரிசையாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். இந்த ரகத்துக்கும் கர்ப்பகால மனச்சோர்வுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. ஆனால் அழுகை வெளியே தெரிவதால் மாமியாரோ கிளினிக் மிஸ்ஸியோ கண்டுபிடித்துவிடுவார்கள்.

விலகல் பிணைப்பு, அதாவது நெருக்கம் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும் ரகம், அப்படியில்லை. எதைக் கேட்டாலும் "ஒன்னுமில்லை". மனைவியை ஸ்கேனுக்குக் கொண்டுபோய் விடுவார், காசும் கொடுப்பார், உள்ளே மட்டும் வராமல் வெளியே மோட்டார்மேல் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார், ஊரும் பொறுப்பான பையன் என்று சொல்லிவிட்டுப் போகும். என்னைக் கேட்டால் இவரைத்தான் அதிகம் கவனிக்கணும். அப்பா ஆகப்போகிறவருக்கும் மனச்சோர்வு வரும், அது பல ஆண்களிடம் எரிச்சலாகவும் குடியாகவும்தான் தலைகாட்டும்.

இரண்டு ரகமும் ஒரே வீட்டில் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், அவள் துரத்தத் துரத்த அவர் விலகுவார்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 1987இல் வந்த எடின்பரோ கேள்வித்தாளில் 10 கேள்விதான், கடந்த 7 நாள் மனநிலையைக் கேட்கும். ஆண்களுக்கும் பயன்படும். அப்புறம், பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் உதவி எண் 15555 இருக்கிறது.