ஏஇஎம் எக்ஸ்-சீரிஸ் 30-0300 வைட்பேண்ட் மீட்டர்: முகப்பில் ஒரு எண், லாக்கில் வேறொரு எண்

எக்ஸாஸ்ட் புகையைப் படித்து என்ஜினின் காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சொல்லும் வைட்பேண்ட் மீட்டரை வாங்கும்போது எல்லாரும் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். எண் பெரிதாகத் தெரிகிறதா, எல்இடி வளையம் அழகாக இருக்கிறதா என்பதோடு பரிசோதனை முடிந்துவிடுகிறது. ஸ்போர்ட்ஸ் காரை டியூன் செய்யப்போகிறவர் பார்க்க வேண்டியது பின்னால் தொங்கும் ஒயர்களை. ஏஇஎம் எக்ஸ்-சீரிஸ் 30-0300-இன் பலம் அங்கேதான் இருக்கிறது. வாங்கியவர்கள் தடுக்கி விழுகிற இடமும் அதுதான்.

52 மி.மீ. கேஜ், போஷ் எல்எஸ்யூ 4.9 சென்சார், ஒயரிங், எக்ஸாஸ்ட் குழாயில் வெல்டு வைக்க ஒரு பங் (சென்சாரைத் திருகும் மரை வளையம்). கண்ட்ரோலர் கேஜுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் தனிப் பெட்டி எதுவும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. சாவி போட்ட அரை நிமிடத்துக்குள் சென்சார் சூடாகி எண் காட்டத் தொடங்கும். முகப்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

முதல் நல்ல விஷயம், சென்சாரைத் திறந்த காற்றில் பிடித்து அளவு திருத்தும் வேலை இதில் கிடையாது. இன்னோவேட்டின் எல்எம்-2, எல்சி-2 போன்றவற்றில் அது உண்டு. சென்சாரைக் குழாயிலிருந்து கழற்றி, சுத்தமான காற்றில் வைத்துத் திருத்த வேண்டும். பக்கத்தில் இன்னொரு வண்டி ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையில் அதைச் செய்தால், திருத்தமே பிழையாகிவிடும். ஏஇஎம், சென்சார் கனெக்டருக்குள் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட திருத்த ரெசிஸ்டரை நம்புகிறது. ஆகவே அந்தக் கனெக்டரை வெட்டிவிட்டு ஒயரை நீட்டக் கூடாது. வெட்டினால் ரெசிஸ்டரும் போய்விடும், மீட்டர் காட்டுவதற்கும் அர்த்தம் இருக்காது. மறுபக்கம் ஒரு குறையும் உண்டு. சென்சார் வயதாகி விலகத் தொடங்கினால் அதைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். அளவு திருத்தும் வசதி உள்ள மீட்டர்கள் அந்தக் கிழட்டுச் சென்சாரை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டும். அப்படி ஓட்டுவது நல்லதா என்பது வேறு விஷயம்.

இனி ஒயர். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்கு எண்ணை வோல்டேஜாகக் கொண்டுபோகும் அனலாக் வெளியீடு 0 முதல் 5 வோல்ட். பெட்ரோல் அளவில் அதன் சூத்திரம்: ஏஎஃப்ஆர் (காற்று-எரிபொருள் விகிதம்) = 2.375 × வோல்ட் + 7.3125. நம்பத்தக்க பகுதி 0.5 முதல் 4.5 வோல்ட் வரை, அதாவது 8.5 முதல் 18.0 வரை. ஏஇஎம்மின் பழைய மாடலான 30-4110-க்குச் சூத்திரம் வேறு: 2 × வோல்ட் + 10. டியூனிங் மென்பொருளின் பட்டியலில் இரண்டும் ‘ஏஇஎம்’ என்றே இருப்பதால், தவறானதைத் தேர்ந்தெடுப்பது மிக எளிது. கேஜ் 12.5 காட்டும்போது வெளியீடு சுமார் 2.18 வோல்ட். பழைய சூத்திரத்தில் அது 14.4 ஆகப் படிக்கப்படும். லாக்கை (இசியூ பதிவு செய்த எண்களை) மட்டும் பார்த்து டியூன் செய்பவர், முழு த்ராட்டிலில் 14.4, பெட்ரோல் போதவில்லை என்று பதறி 15 சதவீதம் பெட்ரோலைக் கூட்டுவார். பிளக் கறுத்து என்ஜின் திக்கிய பிறகுதான் சந்தேகம் வரும்.

அதைவிட நுணுக்கமான சிக்கல் கிரவுண்டு. சென்சாரின் ஹீட்டர் எடுக்கும் கரண்ட் முழுவதும் கேஜின் கிரவுண்டு ஒயர் வழியாகத்தான் திரும்புகிறது. டாஷ்போர்டுக்குக் கீழே கிடைத்த ஏதோ ஒரு திருகில் அதை மாட்டினால், கேஜின் ‘பூஜ்ஜியம்’ இசியூவின் பூஜ்ஜியத்தைவிட 0.1, 0.2 வோல்ட் மேலே நிற்கும். 0.2 வோல்ட் என்றால் 0.475 ஏஎஃப்ஆர். கேஜில் 12.5, லாக்கில் கிட்டத்தட்ட 13.0. இரண்டும் ஒரே சென்சாரிலிருந்து வருகின்றன, இரண்டில் ஒன்றுதான் சரி. மின்விசிறியும் ஹெட்லைட்டும் ஓடும்போது வித்தியாசம் இன்னும் மாறும். அதனால் லாக்கில் ஒரு நிலையான எண்ணைக் கழித்துச் சரிக்கட்டும் குறுக்குவழி உதவாது.

இந்த மாடலில் அனலாக் சிக்னலுக்கென்று தனி எதிர்முனை ஒயர் கொடுத்திருப்பது இதற்காகத்தான். அதை இசியூவின் சென்சார் கிரவுண்டில் சேர்க்க வேண்டும். கேஜின் பவர் கிரவுண்டை, இசியூவின் பவர் கிரவுண்டு போகும் அதே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை இசியூ சென்சார் கிரவுண்டிலும் மறுமுனையை இந்த எதிர்முனை ஒயரிலும் வைத்து, எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். 20 மில்லிவோல்டுக்குள் இருந்தால் பிழை 0.05 ஏஎஃப்ஆர் அளவுதான், விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் ஒயரிங்கைச் சரிசெய்யாமல் மேப்பில் (இசியூவின் பெட்ரோல் அட்டவணையில்) கை வைக்க வேண்டாம்.

இசியூவில் கேன் பஸ் (எண்களை டிஜிட்டலாக அனுப்பும் இரட்டை ஒயர்) இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. இந்த மீட்டரை மற்றவற்றுக்கு மேல் வைக்க முதல் காரணம் அதுதான். 500 கிலோபிட் வேகத்தில், 29 பிட் முகவரியில் (ஹெக்ஸா 180), விநாடிக்கு 100 முறை லாம்டா (சரிசமக் கலவையை 1.00 என்று வைத்த விகிதம்) வரும். முதல் இரண்டு பைட்டுகளை 0.0001-ஆல் பெருக்கினால் லாம்டா. கூடவே சப்ளை வோல்டேஜும் சென்சாரின் நிலையைச் சொல்லும் குறிகளும் வருகின்றன. அனலாக் ஒயரில் ‘சென்சார் இன்னும் சூடாகவில்லை’ என்ற நிலையும் ஒரு வோல்டேஜாகத்தான் வரும், கேனில் அது தனியாகத் தெரியும். பஸ்ஸின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பவரை அணைத்துவிட்டு இரண்டு ஒயர்களுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும்.

மீட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சென்சாருக்கு எட்டும் புகையைத்தான் அது படிக்கும். டர்போ வண்டியில் டர்பைனுக்குப் பின்னால், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் வைக்க வேண்டும். டர்பைனுக்கு முன்னால் வைத்தால் வெப்பம் ஒரு பக்கம், அழுத்தம் இன்னொரு பக்கம். எதிரழுத்தம் கூடும்போது ரிச்சான (பெட்ரோல் கூடிய) கலவையை இன்னும் ரிச்சாகவும், லீனை (பெட்ரோல் குறைந்ததை) இன்னும் லீனாகவும் காட்டும். எல்எஸ்யூ 4.9-க்கு போஷ் சொல்லும் தொடர் வெப்ப வரம்பு, புகையில் 930 டிகிரி செல்சியஸ். சென்சாரைக் கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரி சாய்த்து வையுங்கள், கடிகாரத்தில் 10 முதல் 2 மணி வரையான பகுதி உத்தமம். குழாயின் அடிப்பக்கம் வைத்தால், காலையில் குளிர்ந்த குழாயில் தேங்கிய நீர்த்துளி சூடான செராமிக்கின் மேல் பட்டு விரிசல் விடும். மரை 18 மி.மீ., 1.5 பிட்ச். 40 முதல் 60 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்க வேண்டும்.

சென்சாரைக் குழாயில் விட்டுவிட்டு மீட்டரைக் கழற்றி வைத்து வண்டி ஓட்டுபவர்கள் உண்டு. ஹீட்டர் இல்லாத சென்சாரில் கரி படிந்து சில நாட்களில் கெட்டுப்போகும். மீட்டர் இல்லையென்றால் சென்சாரைக் கழற்றி பங்கை அடைத்துவிடுங்கள். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோலும் சாதாரண சிலிகான் சீலன்ட்டும் அதே முடிவைத்தான் தரும்.

சரியாகப் பொருத்திய பிறகும் எண் பொய் சொல்லும் தருணங்கள் மூன்று. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால், அழுத்த அலைகளின் இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, குறைந்த சுற்றில் லீன் காட்டும், வேகம் கூடக்கூடச் சரியாகிவிடும். மிஸ்ஃபயர் ஆனால் (சிலிண்டரில் கலவை எரியாமல் போனால்) எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வரும். சென்சார் ஆக்ஸிஜனைத்தான் பார்க்கிறது, எரியாத பெட்ரோலை அல்ல. விளைவு, பெட்ரோலில் நனைந்த பிளக்கோடு திணறும் சிலிண்டர் மீட்டரில் ‘லீன்’ ஆகும். அதை நம்பி இன்னும் பெட்ரோல் சேர்த்தால் மிஸ்ஃபயர் கூடும், மீட்டர் இன்னும் லீன் காட்டும். மூன்றாவது, ஓவர்லேப் (உள்ளும் வெளியுமான வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள ரேஸ் கேம்ஷாஃப்ட். ஐடிலில் புதுக்காற்று நேராக எக்ஸாஸ்டுக்குப் போவதால் 15, 16 காட்டும். அங்கே எண்ணை மறந்துவிட்டு, என்ஜின் எந்தக் கலவையில் சீராக நிற்கிறதோ அதைக் கொடுங்கள்.

கேஜை லாம்டாவில் வைத்துக்கொள்வது உத்தமம். மீட்டர் உண்மையில் அளப்பது லாம்டாவைத்தான், ஏஎஃப்ஆர் அதைச் சுமார் 14.7-ஆல் பெருக்கிக் காட்டும் எண். தொட்டியில் இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்) ஊற்றினால் அதன் சரிசமக் கலவை சுமார் 9.8, ஆனாலும் பெட்ரோல் அளவில் வைத்த கேஜ் 14.7 என்றே காட்டும். ஒருவர் 9.8-ஐத் தேடி மேப்பைத் திருகத் தொடங்கினால் என்ஜின் எரிபொருளில் குளிக்கும். லாம்டா 1.00 என்பது எந்த எரிபொருளிலும் 1.00.

முழு த்ராட்டிலில் டர்போ இல்லாத என்ஜினுக்கு 0.86 முதல் 0.90, டர்போவுக்கு 0.78 முதல் 0.82 என்று தொடங்கலாம். திருத்தும் கணக்கு எளிது. மேப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் விஇ என்ற எண் இருக்கும், சிலிண்டர் எவ்வளவு காற்றால் நிரம்புகிறது என்ற சதவீதம் அது. புதிய விஇ = பழைய விஇ × அளந்த லாம்டா ÷ வேண்டிய லாம்டா. கட்டத்தில் 82 இருக்கிறது, அளந்தது 0.93, வேண்டியது 0.87 என்றால் 87.7. ஆனால் நேரத்தாமதத்தைக் கணக்கில் எடுக்காமல் இதைச் செய்யக் கூடாது. என்ஜின் வேகம் 2500 சுற்றிலிருந்து 7000 வரை 6 விநாடியில் ஏறும் ஓட்டத்தில், ஒரு விநாடிக்கு 750 சுற்று. புகை சென்சாரை எட்டிப் படிக்கப்பட 0.1 விநாடி ஆனால், லாக்கில் தெரியும் எண் 75 சுற்றுக்கு முந்தைய கட்டத்துக்கு உரியது. த்ராட்டிலைத் திடீரென்று மிதிக்கும் இடங்களில் இந்தப் பிசகு பெரிதாகும். தானியங்கித் திருத்தம் மேப்பில் பள்ளமும் மேடுமாக வெட்டுவதற்கு இதுதான் காரணம்.

மேல் சுற்றில் மட்டும் லீனாகிறது என்றால் மேப்பைத் தொடுமுன் இன்ஜெக்டரைப் பாருங்கள். 7000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு (இரண்டு சுற்றுக்கு) 17.1 மில்லிவிநாடிதான் இருக்கிறது. இன்ஜெக்டர் 15 மில்லிவிநாடி திறந்திருந்தால் 87.5 சதவீதம், இனி கொடுக்க அதிகம் இல்லை. பெட்ரோல் அழுத்தம் பூஸ்டோடு (டர்போ தரும் காற்றழுத்தத்தோடு) சேர்ந்து ஏறுகிறதா என்பதும் முக்கியம். 3 பார் அடிப்படை என்றால் 1 பார் பூஸ்டில் 4 பார் இருக்க வேண்டும். 3.5-இல் நின்றால் அது பம்ப் அல்லது ஃபில்டர் பிரச்சினை. அதை மேப்பில் மறைத்தால் ஃபில்டர் இன்னும் கொஞ்சம் அடைத்த நாளில் பிஸ்டன் உருகும்.

டைனோவில் (வண்டியின் பவரை அளக்கும் கருவியில்) இந்த மீட்டரின் மதிப்பு தனி. சைலன்சர் முனையில் குழாய் செருகி அளக்கும் டைனோ சென்சார், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால், வெளிக்காற்று கலந்த புகையைத் தாமதமாகப் பார்க்கிறது. அதன் வரைபடமும் கேன் வழியாக வந்த லாக்கும் முரண்பட்டால் லாக்கை நம்பலாம். பவர் எண்ணை ஒப்பிடும்போது, காற்றின் வெப்பம், அழுத்தத்துக்கு ஏற்ப அதைச் சரிசெய்த திருத்த முறையைக் கேளுங்கள். பழைய எஸ்டிடி திருத்தம் எஸ்ஏஇ ஜே1349-ஐவிடச் சுமார் 4 சதவீதம் அதிகம் காட்டும், பாகம் எதுவும் மாற்றாமலேயே 200 குதிரைத்திறன் 208 ஆகிவிடும். கணக்கைச் சரிபார்க்க, கிலோவாட் = நியூட்டன் மீட்டர் × சுற்று ÷ 9549. 6500-இல் 240 நியூட்டன் மீட்டர் என்றால் 163 கிலோவாட், மெட்ரிக்கில் 222 குதிரைத்திறன். ஒரே கியர், ஒரே டயர் காற்று, ஒரே கூலன்ட் வெப்பம், மூன்று ஓட்டம். மூன்றும் தங்களுக்குள்ளேயே 2 சதவீதம் வேறுபட்டால், 1 சதவீதம் கூடியது என்று கொண்டாட ஒன்றுமில்லை. 0.86-லிருந்து 0.89-க்குப் போவதில் கிடைக்கும் பவர் மிகச் சிறிது. இக்னிஷன் டைமிங்கில் ஒரு டிகிரி அதைவிட அதிகம் பேசும், நாக்கிங் (கலவை தானாக வெடிப்பது) இல்லாதவரை.

குறைகள்? இதில் சொந்தமாக லாக் எடுக்கும் வசதி இல்லை. இசியூவோ தனி லாகரோ இல்லாதவர்களுக்கு, எஸ்டி கார்டில் பதிவு செய்து, ஓபிடி-2 (வண்டியின் பரிசோதனை இணைப்பு) வழியாக வண்டியின் தரவையும் சேர்த்துக்கொள்ளும் எல்எம்-2 பொருத்தமானது. பல வண்டிகளை மாறிமாறிப் பார்ப்பவர்களுக்கும் அதுதான். வி6, வி8 என்ஜினுக்கு ஒரு மீட்டர் போதாது, பக்கத்துக்கு ஒன்று வேண்டும். அப்போதும் அது அந்தப் பக்கத்துச் சிலிண்டர்களின் சராசரிதான். நான்கில் ஒரு இன்ஜெக்டர் அடைத்து, அந்தச் சிலிண்டர் மட்டும் லீனாக ஓடினாலும் மீட்டர் சமாதானமாக 0.84 காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிளக்கைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

மாற்றுச் சென்சார் போஷ் 17025. டைனோவுக்குப் போகும் நாளில் கையில் ஒன்று இருக்கட்டும். பழையது போய்விட்டதா என்று அறிய, வண்டி நன்றாகச் சூடான பிறகு மூன்றாம் கியரில் 4000 சுற்றில் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுங்கள். பெட்ரோல் நின்றதும் கேஜ் சட்டென்று லீன் எல்லைக்கு ஓட வேண்டும். ஓடாமல் தயங்கித் தயங்கி ஏறினால் அந்தச் சென்சாரை வைத்து டியூன் செய்யாதீர்கள்.