நாயோடு கிராண்ட் ஆற்றில் கனூ: க்ளென் மொறிஸ் முதல் பாரிஸ் வரை

கனூ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டிப் பழக்கமில்லை, நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் கனடாவில், ஒன்ராறியோவின் கிராண்ட் ஆறுதான். அதிலும் க்ளென் மொறிஸ் பாலத்தடியில் தொடங்கிப் பாரிஸ் ஊரில் முடியும் துண்டு. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வரும். ரொறன்ரோ ஸ்காபரோவில் இருந்து, 401 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால், ஒன்றரை மணிநேரத்தில் போய்விடலாம். இந்தப் பாரிஸ் ஒன்ராறியோவில் இருக்கும் சின்ன ஊர். அங்கே நிலத்தில் ஜிப்சம் கிடைத்ததால், அதில் செய்யும் 'பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்' பெயரையே ஊருக்கும் வைத்துவிட்டார்கள்.

நாங்கள் கனூ எடுத்த கடையின் பெயரை நான் எழுதவில்லை. பாரிசில் கனூ வாடகைக்குக் கொடுப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள், உங்களுக்கு வசதியானவரிடம் கேளுங்கள். நாங்கள் போன இடத்தில் காரை முடிவிடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்று, பின்னால் கனூக்களை ஏற்றிய ட்ரெய்லரோடு, எங்களை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டது. ஆறு இழுத்துக்கொண்டு வர, கார் நிற்கும் இடத்துக்கே வந்து சேர்ந்தோம். கொடுத்த காசுக்கு இந்த ஏற்பாடு ஒன்றே போதும். களைத்து நனைந்த நாயோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை பாருங்கள். கனூ, துடுப்பு, லைஃப் ஜாக்கெற், பஸ் எல்லாம் சேர்ந்து நூறு டொலருக்குள் முடிந்தது, வரி தனி. நாய்க்கென்று எதுவும் கேட்கவில்லை.

குறை என்று சொன்னால், புறப்படும்முன் தந்த விளக்கம். துடுப்பை எப்படிப் பிடிப்பது, எங்கே கரையேறுவது என்பதை நன்றாகவே சொன்னார்கள். நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நாய்களும் வரலாம்" என்று விளம்பரம் போடுகிறவர்கள் நாய் எங்கே இருக்க வேண்டும், எழுந்து நின்றால் என்ன செய்வது என்று இரண்டு நிமிடம் சொல்லத்தான் வேண்டும். பஸ்ஸிலும் நாயைக் கடைசி இருக்கைக்குக் கீழே இருத்தச் சொன்னார்கள். ட்ரெய்லரின் இரும்புச் சத்தம் அங்கேதான் அதிகம் கேட்கும். எங்கள் பிறவுணி 27 கிலோ, பயந்த சுபாவம். வழி முழுக்க நடுங்கிக்கொண்டே வந்தாள்.

அவர்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். கனூவைத் தண்ணீரில் இறக்கும்முன் புல்லிலேயே வைத்து நாயை ஏற்றி இறக்குங்கள். ஏறு, இரு, இறங்கு என்று சில தரம். பிளாஸ்டிக் அடித்தளத்தில் நகம் வழுக்கும், வழுக்கினால் நாய் பதறும், நாய் பதறினால் கனூ சாயும். அதனால் குளியலறை ரப்பர் விரிப்பு ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள். நாயின் இடம் நடுவில், முன்னால் இருப்பவரின் முதுகோடு ஒட்டி. முன் இருக்கையில் நான் இருந்தேன். அவளுடைய மூக்கு என் இடுப்பில் முட்டிக்கொண்டே இருந்தது, பின்னால் கையை நீட்டினால் காது அகப்பட்டது. தம்பி பின் இருக்கையில் இருந்து திசையையும் அவளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டான். நாயின் கயிற்றை மட்டும் எதற்காகவும் கனூவில் கட்டக்கூடாது. கவிழ்ந்தால் அந்தக் கயிறே எமனாகிவிடும்.

படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெற், மிதக்கும் 15 மீற்றர் கயிறு, விசில் எல்லாம் இருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். நாய்க்கு அப்படி எதுவும் இல்லை, நாம்தான் வாங்க வேண்டும். எங்களுடையது ரஃப்வேர் ஃப்ளோட் கோட் என்ற நாய் லைஃப் ஜாக்கெற். விலை கூடத்தான். ஆனால் முதுகில் இருக்கும் தடித்த கைபிடிக்காகவே கொடுக்கலாம். அதைப் பிடித்து 27 கிலோவையும் தண்ணீரில் இருந்து தூக்க முடிந்தது. தூக்கும்போது மற்றவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து கொடுக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

இனி ஆறு. பெரும்பாலான இடங்களில் முழங்காலில் இருந்து இடுப்பு வரைதான் தண்ணீர். ஆற்றின் மேற்பகுதியில் ஃபேர்கஸ் ஊருக்குப் பக்கத்தில் 1942இல் முடிந்த ஷாண்ட் அணை போன்றவை நீரைத் தேக்கி வைத்துக் கோடையில் விடுவதால்தான் ஓகஸ்டிலும் இங்கே கனூ ஓடுகிறது. ஆனாலும் பெருமழைக்கு அடுத்த நாள் இது வேறு ஆறு. இந்த ஆற்றைக் கவனிக்கும் கிராண்ட் ரிவர் கொன்சர்வேஷன் ஒதோரிட்டியின் இணையத்தளத்தில் நீரோட்டத்தின் அளவைப் பார்த்துவிட்டு, கடைக்கும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இடையிடையே கல்லுப் பரப்பில் தண்ணீர் சலசலத்து வேகமெடுக்கும். அங்கே ஒரு கல்லில் பக்கவாட்டில் மோதினால் கல்லில் இருந்து விலகிச் சாயத்தான் உடம்பு சொல்லும். கல்லின் பக்கமே சாய வேண்டும். விலகிச் சாய்ந்தால் மேலிருந்து வரும் தண்ணீர் கனூவுக்குள் ஏறிவிடும்.

அப்படி ஒரு இடம் தாண்டியதும், சரளைத் திட்டில் சாம்பல் நிற நாரை ஒன்று நின்றது. பெரிய நீல நாரை என்று இங்கே சொல்வார்கள். பிறவுணியின் காது இரண்டும் முன்னுக்கு வந்தன. விரிப்பில் நகம் கீறும் சத்தம் கேட்டது, கனூ இடப்பக்கம் சரிந்தது. நான் திரும்பப் போக, "அக்கா, திரும்பாதேங்கோ! அப்பிடியே குனிஞ்சு இருங்கோ, நான் பாக்கிறன்" என்றான் தம்பி. துடுப்பின் அகலப் பக்கத்தைத் தண்ணீரில் படுக்க வைத்து அழுத்தினான், கனூ நிமிர்ந்தது. நான் கையை மட்டும் பின்னால் நீட்டி, "பிறவுணி, இரு" என்றேன். நாரை எழுந்து, கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு மரங்களுக்கு மேலால் போய் மறைந்தது. அவள் பெருமூச்சு விட்டுவிட்டுப் படுத்தாள். அதன்பிறகு ஆமைகளைக் கண்டபோதும் தலையை மட்டும்தான் தூக்கினாள். அந்த இடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

ஆற்றுத் தண்ணீரை நாய்க்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள். மேலே வாட்டர்லூ, கிச்சனர், கேம்பிரிட்ஜ் நகரங்களின் சுத்திகரித்த கழிவுநீர் இதில்தான் கலக்கிறது. போத்தலும் கிண்ணமும் கொண்டுபோங்கள். கரையில் ஏறும் இடத்தையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். ஆளுயரத்துக்கும் மேலே, குடை விரித்த வெள்ளைப் பூவோடு நிற்கும் ஜயன்ட் ஹொக்வீட் என்ற செடி இந்தக் கரைகளில் உண்டு. அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் போடும். நாயின் மயிரில் ஒட்டி வந்து நம் கையிலும் படலாம். உண்ணிக்கும் அன்றிரவே காது மடல், கால் விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பாரிசில் இருக்கும் பென்மன்ஸ் அணை. எங்கள் கரையேறும் இடம் அணைக்கு மேலேயே இருந்தது. மேலிருந்து வரும்போது அணை அணையாகத் தெரியாது, தண்ணீரில் நேராக ஒரு கோடு மட்டும் தெரியும். அதற்கு அடியில் தண்ணீர் சுழன்று சுழன்று திரும்பி வரும், லைஃப் ஜாக்கெற் போட்டவரையும் விடாது. பஸ்ஸில் ஏறும்முன்பே கரையேறும் இடத்தை நடந்து போய்ப் பார்த்து, ஒரு மரத்தையோ பலகையையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

சனி, ஞாயிறு வேண்டாம். ரப்பர் வளையத்தில் மிதந்து வரும் கூட்டமும் ஸ்பீக்கர் சத்தமும் நாய்க்குச் சரிவராது. ஜூன் கடைசிக்குப் பிறகு ஒரு செவ்வாயோ புதனோ, காலையில் போகும் முதல் பஸ்ஸுக்குப் பதிவு செய்யுங்கள். நாய் எத்தனை கிலோ என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். பெரிய நாய் என்றால் அகலமான கனூவாக எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.