பல்லை அடைப்பதா, சொத்தையே வராமல் காப்பதா?

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டும் நடந்தன. எனக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை. ஏழு வயது மகளுக்குச் சொத்தை பிடிக்காமலிருக்கக் கடைவாய்ப்பற்களின் குழிகளில் பூச்சு. கவுந்தப்பாடியிலிருந்து ஈரோட்டுக்கு எனக்காக நான்கு முறை பஸ் ஏறினோம், அவளுக்காக ஒரே முறை. செலவும் வலியும் எந்தப் பக்கம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது, அதற்குப் பிறகு வரும் பராமரிப்பைப் பற்றி.

எலும்பு முறிந்தால் கூடிவிடும். பல்லின் கடினமான மேலோடான எனாமலில் உயிரணு கிடையாது, அதனால் தானாகக் கூடாது. குழி விழுந்தால் விழுந்ததுதான். அடைத்த பல்லில், பல்லும் அடைப்பும் சேரும் விளிம்பு ஒன்று எப்போதும் இருக்கும். அங்கே அழுக்குத் தங்கினால் மறுபடியும் சொத்தை. என் பல்லில் முதலில் அடைத்தது மிளகளவு இடம். சில ஆண்டுகளில் அது பெயர்ந்தது; இன்னும் கொஞ்சம் நல்ல பல்லைக் குடைந்து பெரிதாக அடைத்தார்கள். அடுத்த முறை நரம்பையே எடுத்துவிட்டு மேலே தொப்பி போட்டார்கள். தொப்பியின் ஓரத்திலும் சொத்தை வரலாம். நரம்பு இல்லாத பல் கூசாது, வலித்து எச்சரிக்காது. ஆகவே வலியில்லாதபோதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி வருகிறேன்.

மகளின் கதை வேறு. நிரந்தரக் கடைவாய்ப்பல் ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலே வரிசையின் கடைசியில் முளைக்கிறது. அதையும் பால்பல் என்று நினைத்து எத்தனை வீடுகளில் விட்டுவிடுகிறார்கள்! அந்தப் பல்லின் ஆழமான பள்ளங்களைத்தான் பூச்சு மூடுகிறது. குழி விழுவதற்கு முன் தோன்றும் வெண்புள்ளியை ஃபுளோரைடு பற்பசையே பல நேரம் தடுத்து நிறுத்திவிடும். இரவில் துலக்கித் துப்பியபின் தண்ணீர்விட்டு அலசக் கூடாது, அவ்வளவுதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்து பல்லில் பழுப்புக் கறை விழுவதால், அங்குள்ளவர்கள் குழந்தைக்கான பற்பசையை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

நாட்டுச்சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று எங்கள் ஊரில் நம்புகிறோம். வாயிலுள்ள கிருமிகளுக்கு வெள்ளைச் சர்க்கரையும் அதுவும் ஒன்றே, இரண்டையும் அமிலமாக்கிவிடும்.

பூச்சு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை எங்கள் ஓராண்டு அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். பெயர்ந்தால் மறுபடி பூச வேண்டும். குழி விழுந்த பல்லுக்கோ பூச்சும் பற்பசையும் போதாது, அடைத்தே ஆக வேண்டும். கிராம்பு எண்ணெய் வைத்து நான் தள்ளிப்போட்ட இரண்டு மாதத்தில்தான் சொத்தை நரம்பைத் தொட்டது.

மகனுக்கு இப்போது ஆறு வயது. பல்வரிசையின் கடைசியில் ஈறைக் கீறிக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை தெரிகிறது. முழுதாக வெளிவந்ததும் அவனையும் ஈரோட்டுக்கு அழைத்துப் போவேன்.