டேன் போகணும்னு வாங்குன லோஷன், இருந்த கலரும் போச்சு

எனக்கு வீடு மண்டபம், வேலை ராமேஸ்வரம். தினம் ஸ்கூட்டில பாம்பன் பாலத்தத் தாண்டித்தான் போகணும், கச்சான் காத்தும் உப்பும் வெயிலும் சேந்து கை ரெண்டும் கருத்து (இதத்தான் டேன்ங்கிறாங்க), க்ளவுஸ் போட்டும் பிரயோஜனமில்ல. ஆவணில சித்தி மக கல்யாணம் வந்துச்சு, ராம்நாட்டுல ஒரு ஃபாரின் சாமான் கடைல போய் "அண்ணே, டேனுக்கு ஏதாச்சும் லோஷன் இருக்கா"ன்னு கேட்டேன். தப்பு அங்கயே ஆரம்பிச்சிருச்சு. பளபளன்னு ஒரு பாட்டிலை எடுத்து நீட்டி 1,450 ரூபாய்னாரு, பில் கேட்டதுக்கு "ஃபாரின் சாமானுக்கு ஏதும்மா பில்லு"ன்னு சிரிச்சாரு, நானும் லூசு மாதிரி சிரிச்சிட்டு வந்துட்டேன்.

பாட்டில்ல 'இண்டோர் டேனிங்'னு போட்டிருந்துச்சு. சரி வெயில்ல போகாம வீட்டுக்குள்ள இருக்கும்போது போடணும் போலன்னு நானே அர்த்தம் பண்ணிக்கிட்டேன் (டிகிரி முடிச்சவ தான் நான், சிரிக்காதீங்க). ராத்திரி கை, கால், கழுத்துன்னு பூசுனேன். கொஞ்ச நேரத்துல மிளகாய் அரைச்ச கை மாதிரி திகுதிகுன்னு எரிஞ்சுச்சு, தோலு செவந்துச்சு. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு அம்மா வேற சொன்னாங்க.

காலைல பாத்தா நமுத்துப்போன பிஸ்கட் வாசம், கையெல்லாம் திட்டுத்திட்டா பழுப்பு, முட்டியும் கணுக்காலும் கரேல்னு, உள்ளங்கை மட்டும் கேசரி கலரு. அப்பா பாத்துட்டு "என்னடி காமாலையா"ன்னு கேட்டாரு. அதோடயே வேலைக்குக் கிளம்பிட்டேன், லோஷன்தான் போட்டிருக்கோமே வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னு. சாயங்காலம் கழுத்துல துணி பட்டாலே உயிர் போச்சு.

லண்டன்ல நர்ஸா இருக்குற ஃப்ரெண்டுக்கு ஃபோட்டோ அனுப்புனேன், அவ சிரிச்சு முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. வெள்ளைக்காரங்க கருக்கணும்னு யூவி லைட் மெஷினுக்குள்ள படுப்பாங்களாம், அப்போ பூசுற லோஷனாம் அது. நாம போக்கணும்னு நினைக்கிறதை வரவைக்கிற சாமான்! அதுல டிஎச்ஏன்னு ஒரு சர்க்கரைப் பொருள், மேல்தோல்ல இருக்குற செத்த செல்லோட சேந்து பழுப்பாக்கிடும். எரிச்சலு வந்தது, தோல்ல ரத்த ஓட்டத்தக் கூட்டுற வேற ஒரு பொருளும் அந்த லோஷன்ல இருக்குறதால. எஸ்பிஎஃப் கிடையவே கிடையாது, வெயிலுக்குக் காப்பே இல்ல. அந்த மெஷினே கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் அமைப்பு 2009லயே சொல்லிருச்சு, பிரேசில்ல அதே வருஷம் தடையும் போட்டாங்க.

ஸ்கின் டாக்டர், தேய்க்காதம்மா, மேல்தோல் உதிர உதிர தானாப் போயிரும், ஒரு வாரம் பத்து நாள் ஆகும்னாரு. கல்யாணம் அஞ்சாவது நாளு. ஆல்பத்துல எல்லாத்துலயும் கையப் பின்னால கட்டிக்கிட்டு போலீஸ் மாதிரி நிக்கிறேன்.

கடைக்குப் போய் காட்டுனா "நீங்க டேன் லோஷன் தானம்மா கேட்டீங்க"ன்னாரு. பாட்டில்ல எம்ஆர்பி இல்ல, இறக்குமதி பண்ணுனவங்க பேரு இல்ல. ஃபாரின் சாமான்னாலும் இது ரெண்டும் இருந்தே ஆகணும், இல்லன்னா வாங்காதீங்க. 1915க்கு ஃபோன் போட்டு நுகர்வோர் புகார் சொல்லிட்டேன், பில் இல்லாததால பாட்டிலை ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன். நேத்து அந்தப் பக்கம் போனப்ப எட்டிப் பாத்தேன், அதே ஷெல்ஃப்ல இன்னும் ஆறு பாட்டில் நிக்குது, கீழ ஸ்கெட்ச் பேனால 'கை கால் வெள்ளையாக'ன்னு எழுதி ஒட்டியிருக்காரு.