லிக்விட் கூலரா, பயாஸில் ஒரு கடிவாளமா?

கல்யாண வீடியோவை ரெண்டர் (வெட்டி ஒட்டியதை ஒரே ஃபைலாக்கும் வேலை) போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் சிஸ்டம் ஹேங் ஆகியிருக்கும். ஒரேயடியாக நின்றாலாவது பரவாயில்லை. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி நாலு விநாடி கழித்துத் தாவும், நாதஸ்வரம் ஒரே இடத்தில் சிக்கி 'ட்ர்ர்ர்' என்று இழுக்கும், அரை நிமிடத்தில் சரியாகும், மறுபடி சிக்கும். போன மே மாதம் முழுக்க இதே கூத்து. பிராசஸர் ரைசன் 7 5800எக்ஸ், மேலே ஒற்றை ஃபேன் டவர் கூலர், கீழே மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய ஒரு மதர்போர்டு.

கேட்ட எல்லோரும் சொன்னது, "240 எம்எம் லிக்விட் கூலர் போட்டுவிடு." பிராசஸர் சூட்டைத் திரவத்தால் இழுத்து, ஃபேன் வைத்த ரேடியேட்டரில் ஆற்றும் கூலர் அது. இன்னொரு வழி, பயாஸுக்குள் (சிஸ்டம் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) போய் பிராசஸர் இழுக்கும் வாட்ஸைக் குறைப்பது. நான் செய்தது இரண்டாவதை. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

தூசி தட்டுவது, தெர்மல் பேஸ்ட் மாற்றுவது, எக்ஸ்எம்பியை (ராமின் வேகத்தைக் கூட்டும் செட்டிங்) அணைத்து ராமைச் சோதிப்பது எல்லாம் முதலில் முடித்தாயிற்று. லோடு ஏறியதும் பட்டென்று அணைந்து மறுபடி பூட் ஆகிற சிஸ்டம் என்றால் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பக்கம் பாருங்கள், அது வேறு கதை.

லிக்விட் கூலருக்கு உள்ள பெருமை உண்மைதான். சத்தம் குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் 5800எக்ஸில் எட்டு கோரும் 80 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே சில்லுக்குள் இருக்கின்றன. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து சூடு வெளியே வருவதே சிரமம், மேலே எதை வைத்தாலும் ஓர் அளவுக்குத்தான் இறங்கும். போதாததற்கு, 90 டிகிரி வரை போகலாம் என்று ஏஎம்டியே எல்லை வைத்திருக்கிறது. அதைத் தொட்டால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுமே தவிர, இப்படி ஹேங் ஆகாது.

அப்புறம் ஏன் சிக்குகிறது? பிராசஸரின் சூடு, வேகம் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன். சிக்கும் நேரத்தில் பிராசஸர் சூடு 80-ஐ ஒட்டி, அதுவும் இறங்குமுகமாக இருந்தது. ஆனால் 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடியது சடாரென 0.55-க்கு விழுந்திருந்தது. பிராசஸர் தானாக நிதானிக்கவில்லை, வெளியிலிருந்து யாரோ கழுத்தைப் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த யாரோ, வி.ஆர்.எம். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை ஒன்றேகால் வோல்ட் போல இறக்கி பிராசஸருக்கு ஊட்டும் பகுதி. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும், சாம்பல் நிறக் கட்டிகளுக்குப் பக்கத்தில் கறுப்புச் சதுரங்களாகத் தெரியும். என் போர்டில் அவற்றின் மேல் சூட்டை வாங்கிக்கொள்ள ஹீட்சிங்க் என்று ஒரு துண்டு அலுமினியம்கூட இல்லை. சந்தேகத்தைத் தீர்க்க, கேஸின் பக்கக் கதவைக் கழற்றி ஹாலிலிருந்த டேபிள் ஃபேனை அந்த மூலைக்கு நேராக வைத்தேன். முக்கால் மணி நேர ரெண்டர் ஒரு தடவைகூடச் சிக்காமல் முடிந்தது.

இங்கேதான் லிக்விட் கூலர் எனக்கு ஒத்துவராமல் போனது. டவர் கூலரின் ஃபேன் வீசும் காற்றில் கொஞ்சமாவது வி.ஆர்.எம். பக்கம் போகும். லிக்விட் கூலர் போட்டால் சாக்கெட் மேல் பம்ப் மட்டும் உட்காரும், ஃபேன்கள் ரேடியேட்டரோடு கேஸின் ஓரத்துக்குப் போய்விடும். பிராசஸர் குளிர்ந்ததும் இன்னும் உற்சாகமாக மின்சாரம் இழுக்கும், அதை ஊட்டுகிறவனுக்கோ இருந்த காற்றும் போச்சு.

வாட்ஸைக் குறைத்தால் இரண்டு இடத்திலும் சூடு இறங்கும். பயாஸில் மின்சார வரம்புகள் இருக்கும் பிபிஓ பகுதிக்குப் போய் லிமிட்ஸை மேனுவல் ஆக்கி, பிபிடியை (மொத்த வாட்ஸ்) 142-லிருந்து 88-ஆகவும், டிடிசியை 95-லிருந்து 60-ஆகவும், இடிசியை 140-லிருந்து 90-ஆகவும் மாற்றினேன். 65 வாட் ரைசன்களுக்கு ஏஎம்டி வைத்திருக்கும் அதே எண்கள்தான். டிடிசி என்பது தொடர்ந்து இழுக்கும் மின்னோட்டத்தின் ஆம்பியர் கணக்கு, இடிசி என்பது நொடிப்பொழுது உச்சத்தின் ஆம்பியர் கணக்கு. வி.ஆர்.எம். சூட்டின் பெரும்பங்கு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவது, ஆகவே 95 ஆம்பியர் 60 ஆனால் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே வந்துவிடும். முன்பு சிக்காமல் ஓடிய நாளில் 20 நிமிடம் எடுத்த ஃபைல் இப்போது 22 நிமிடம் எடுக்கிறது. டைம்லைனில் வெட்டி ஒட்டும்போது வித்தியாசமே தெரியவில்லை, அந்த வேலைகள் 88 வாட்டை எட்டுவதே இல்லை.

லிக்விட் கூலரை நான் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை. நண்பர் ஒருவருடையது மூன்று வருடமாக ஒழுங்காக ஓடுகிறது. அதனால் பம்ப் போய்விடும், தண்ணீர் ஒழுகும் என்றெல்லாம் பயமுறுத்த மாட்டேன். நல்ல ஹீட்சிங்க் உள்ள போர்டும் 16 கோர் பிராசஸரும் வைத்திருந்தால் நானும் அதைத்தான் யோசிப்பேன். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இரண்டையும் தள்ளிவைத்து முதலில் பயாஸ் அப்டேட் செய்யுங்கள். தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் போகிறது என்று 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு அதற்கான மைக்ரோகோடை (பயாஸ் அப்டேட்டோடு வரும் பிராசஸர் திருத்தம்) வெளியிட்டது.

என் வழியிலும் ஒரு தொல்லை உண்டு. பயாஸ் அப்டேட் செய்தால் இந்த எண்களெல்லாம் அழிந்து பழைய கணக்குக்கே போய்விடும். அக்டோபரில் அப்டேட் செய்துவிட்டு இதை மறந்தேன். அன்று ராத்திரியே நாதஸ்வரம் 'ட்ர்ர்ர்' என்றது. இப்போது மூன்று எண்களையும் எழுதி கேஸுக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.