மெம்சிஎச்ஆர்: பத்தாண்டுப் பழக்கத்தில் கண்டவை

பழுதான மெமரி கார்டுகளிலிருந்து புகைப்படங்களை மீட்க, சி மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதி வைத்திருக்கிறேன். பத்து ஆண்டுகளில் அதன் பெரும்பகுதியைக் கலைத்து எழுதிவிட்டேன். நினைவகத்தில் ஒரு பைட்டைத் தேடித் தரும் சி நூலகச் செயற்கூறான மெம்சிஎச்ஆர் (memchr) மட்டும் நிலைத்துவிட்டது. நினைவகத்தின் தொடக்க முகவரி, தேட வேண்டிய பைட், எத்தனை பைட் வரை பார்க்கலாம் என்ற அளவு ஆகிய மூன்றையும் கொடுத்தால் முதலில் அகப்படும் இடத்தின் சுட்டியை, அதாவது முகவரியைத் தரும். அகப்படாவிட்டால் நல் (NULL) என்ற வெற்றுச் சுட்டி.

முதலில் நானே ஒரு ஃபார் சுழற்சி எழுதியிருந்தேன். லினக்ஸ் ஓடும், ஆர்ம் (ARM) வகைச் செயலி கொண்ட போர்டில் அது படங்களைச் சரியாகக் கண்டுபிடித்தது. அதே நிரலை இன்டெல் கணினியில் தொகுத்தபோது ஒரு படம்கூடச் சிக்கவில்லை. ஜேபெக் கோப்பு 255, 216 என்ற இரண்டு பைட்டுகளுடன் தொடங்கும். இன்டெல் லினக்ஸில் ஜிசிசி என்ற தொகுப்பி, ஒரு பைட்டை வைக்கும் கேர் (char) வகையைக் குறியுள்ள எண்ணாக, அதாவது எதிர்மறையும் ஆகக்கூடிய எண்ணாகக் கொள்வதால், 255 என்ற பைட் -1 ஆகப் படிக்கப்படுகிறது. அதை 255 உடன் எத்தனை முறை ஒப்பிட்டாலும் சமமாகாது. ஆர்மில் கேர் குறியற்றது. அதனால்தான் அங்கே பிழை தெரியவில்லை. இரண்டு இரவுகளை இது விழுங்கியது. மெம்சிஎச்ஆர் இரு பக்கத்தையும் குறியற்ற பைட்டாக மாற்றியே ஒப்பிடும். அன்றே அதற்கு மாறினேன். தேடும் மதிப்பையும் அது அப்படித்தான் மாற்றும்: தவறுதலாக 300 கொடுத்தால் மறுப்புச் சொல்லாமல், 256 போக மிஞ்சும் 44ஐ, அதாவது காற்புள்ளியைத் தேடும்.

வேகம் மனநிறைவு தருகிறது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி (glibc), செயலியைப் பார்த்து ஏற்ற வடிவத்தைத் தேர்ந்துகொள்கிறது. பல பைட்டுகளை ஒருசேரக் கையாளும் செயலிக் கட்டளைத் தொகுதிகளான எஸ்எஸ்இ2 வடிவத்தில் 16 பைட், ஏவிஎக்ஸ்2 வடிவத்தில் 32 பைட் ஒரே கட்டளையில் ஒப்பிடப்படும். கையால் எழுதும் சாதாரணச் சுழற்சி இதற்கு ஈடாகாது.

ஆனால் ஒரு கார்டில் நிரல் நத்தையாக ஊர்ந்தது. அழிக்கப்பட்ட ஃபிளாஷ் பகுதிகள் பெரும்பாலும் 255களாகவே படிக்கப்படும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. நான் தேடியதும் 255! ஒவ்வொரு அழைப்பும் முதல் பைட்டிலேயே வெற்றியோடு திரும்பி வர, அழைப்புச் செலவே வேலையைத் தின்றுவிட்டது. இப்போது 216ஐத் தேடி, அகப்பட்டதும் அதற்கு முந்தைய பைட் 255தானா என்று பார்க்கிறேன். செயற்கூறு அதேதான், தேடும் பைட்டை மாற்றியதும் காத்திருப்பு காணாமல் போனது. இந்தச் செயற்கூற்றைப் பயன்படுத்துகிறவர்கள், தம் தரவில் எந்த பைட் அரிதாக வரும் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அந்த மாற்றம் வேறொரு கவனத்தையும் கேட்டது. கார்டை ஒவ்வொரு மெகாபைட்டாகப் படிக்கிறேன். 216 ஒரு துண்டின் முதல் பைட்டாக அமைந்தால், அதற்கு முந்தையது போன துண்டோடு போய்விட்டிருக்கும். இதை மறந்ததால் நண்பர் ஒருவரின் திருமணப் படங்களில் இரண்டு முதல் முறை விடுபட்டன. அதன்பின் ஒவ்வொரு துண்டின் கடைசி பைட்டையும் தனி மாறியில் எடுத்து வைக்கிறேன். மறுபடி ஓட்டியபோது அந்த இரண்டு படங்களும் கிடைத்தன.